வண்டி அம்பயர் ஜெபராஜ்

ஓசூர் தாலுகா ஆபீஸ் வாசலில், புங்க மரத்தடியில், ஒரு தமிழ் டைப்ரைட்டரும் ஒரு மர ஸ்டூலும் ஒரு மனிதரும் இருந்தார்கள். டைப்ரைட்டருக்கு 'ழ' சரியாக விழாது. மனிதருக்கு இடது கால் சரியாக ஊன்றாது. ஸ்டூல் ஒன்றுதான் எந்தக் குறையும் இல்லாதது. அதற்காக யாரும் அதைப் பாராட்டியதாகத் தெரியவில்லை.

மனிதரின் பெயர் ஜெபராஜ். மனு, பத்திர நகல், ஜாமீன் விண்ணப்பம் எதைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பார். அடித்து முடித்ததும் பேனாவை எடுத்து, மெஷின் மங்கலாக விட்ட ஒவ்வொரு 'ழ'வையும் கையால் நிரப்புவார். அதுவரை தாளைத் தர மாட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தவிப்பவர்களிடம், "அவசரம் உங்களுக்குத்தானுங்க, எழுத்துக்கு இல்லீங்க" என்பார்.

இது வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் வேறு ஆள். சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் தொங்கும் விசில் வெளியே வரும். ஜவளகிரியிலிருந்து குருபரப்பள்ளி வரை எந்த ஊரில் வாலிபால் பந்தயம் நடந்தாலும் அவர்தான் அம்பயர். பந்தயத் தேதியைக் குறிப்பதற்கு முன் ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தேதி கேட்பார்கள். அமாவாசை, அஷ்டமி எல்லாம் அதற்கப்புறம்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவர் இடது காலை முருங்கைக்காய் அளவில் நிறுத்திவிட்டுப் போனது. நடக்கும்போது இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டு நடப்பார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியடில் மற்ற பையன்கள் கழற்றி வைக்கும் சட்டைகளுக்குக் காவல் இருக்கச் சொன்னார்கள். சட்டைக் காவலிலிருந்து சுண்ணாம்புக் கோடு போடும் வேலைக்கு உயர்ந்தார். கோட்டிலிருந்து ஸ்கோருக்கு, ஸ்கோரிலிருந்து விசிலுக்கு. பதினைந்து வருஷத்துப் பதவி உயர்வு முழுவதும் மைதானத்தின் ஓரமாகவே நடந்தது. பந்தை ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அவரைப் போல் பந்தைப் பார்த்தவர் எவரும் இல்லை.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் வாலிபால் பரவியதற்குக் காரணம் பெங்களூர்க் கம்பெனிகள். எல்லை தாண்டி ஷிப்டு வேலைக்குப் போன ஆட்கள் அங்கே மைதானத்தில் கற்றுக்கொண்டு, சனிக்கிழமை ஊருக்கு வரும்போது வலையும் வாங்கி வந்தார்கள். ராகிக் களத்தில் இரண்டு மூங்கில் நட்டால் மைதானம் ஆயிற்று. பந்து கோட்டுக்குள் விழுந்ததா, வெளியே விழுந்ததா என்ற சண்டை தமிழில் தொடங்கி, தெலுங்கில் சூடாகி, கன்னடத்தில் கை கலக்கும். ஜெபராஜ் மூன்றிலும் திட்டு வாங்குவார். மூன்றிலும் பதில் சொல்வார். தீர்ப்பு மட்டும் விசிலில்தான்.

அவரை எல்லோரும் 'நொண்டி அம்பயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நேரில் கூப்பிட்டார்கள், நோட்டீஸிலும் ஒருமுறை அச்சடித்தார்கள். ஆனால் அந்த நொண்டி அம்பயர் கையை நீட்டினால் ஆறடி ஆள் ஆட்டத்தை விட்டு வெளியே போவான். 'திருவாளர் ஜெபராஜ் அவர்கள்' என்று மரியாதையாகக் கூப்பிட்டவர்கள் பின்னால் வந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். மாவட்டக் கைப்பந்துக் கழகத்தின் செயலாளர், பிழைப்புக்குப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார்.

வலைக்கு மேலே கண் இருந்தால்தான் வாலிபால் அம்பயருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியும். அதற்கு ஆளுயர மர மேடை வேண்டும், ஏணி வேண்டும். ஏணி ஜெபராஜுக்கு ஆகாது. ஜவளகிரிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு அவிழ்த்த கட்டை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாடு பூட்டும் நீள முன்கட்டையான ஏர்க்காலை இரண்டு பேர் மேலே தூக்கினால் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடும். ஜெபராஜ் அதில் உட்கார்ந்து, கையை ஊன்றி நடுப்பலகைக்கு நகர்ந்துகொள்வார். ஏர்க்காலை இறக்கி முட்டுக்கட்டை கொடுத்தால் ஆளும் வண்டியும் ஒன்றாக மேலே வரும். பிறகு ஸ்டூலை ஏற்றிக் கொடுப்பார்கள். அதில் அவர் உட்கார்ந்தால் கண், வலைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். யாரும் அவரைத் தூக்கவில்லை, வண்டியைத்தான் தூக்கினார்கள். இந்த வித்தியாசத்தை அந்த ஊர்க்காரர்கள் யோசித்துச் செய்தார்களா என்று தெரியாது. ஜெபராஜ் யோசித்திருந்தார்.

"தூக்கிவிட்டா அது உபகாரம் சார். ஏர்க்காலைத் தூக்கினா அது வேலை" என்று ஒரு தடவை சொன்னார்.

நாளடைவில் நொண்டி அம்பயர், வண்டி அம்பயர் ஆனார். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

1967 கடைசியில் தர்மபுரியில் ஒரு பந்தயம் நடந்தது. ஓசூர் அணி தோற்றது. தோற்கடித்தது தர்மபுரி அணி என்று சொல்வது மரியாதைக்காக. தோற்கடித்தவர் அம்பயர் நாராயணப்பன். ரிடயரான டிரில் மாஸ்டர், நாணயமான மனிதர், கண்ணாடி மட்டும் சோடா பாட்டில் அடிப்பாகம். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்த பந்தை 'இன்' என்று கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், என்ஜினைக் கொதிக்கவைக்கும் தொப்பூர் ஏற்றம் எங்கள் வழியில் இல்லாத குறையை எங்கள் கோபம் தீர்த்தது. எல்லோரையும்விடக் கோபம் ஜெபராஜுக்கு.

"கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குங்க விசிலு? இந்தக் கண்டக்டர்கிட்டக் குடுங்க, டிக்கெட்டாவது கிழிப்பாரு" என்றார்.

"மனுசனுக்குக் குறை இருக்கலாமுங்க, அம்பயருக்கு இருக்கலாமா? டாக்டர் சர்டிபிகேட் இல்லாம எவனையும் மேடை ஏத்தக் கூடாதுன்னு ஒரு ரூல் போடுங்க சார்" என்று என் பக்கம் திரும்பினார்.

பஸ் முழுவதும் கை தட்டியது. கண்டக்டரும் தட்டினார்.

அப்போதுதான் கழகத்துக்குப் புதிதாகச் சட்டதிட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். புது மாவட்டம், புதுக் கழகம், மெட்ராஸில் உள்ள மாநிலக் கழகத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த வருஷம் எல்லாமே தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு வேகம் வேறு. எழுதும் பொறுப்பு என்னுடையது. ஒன்பதாவது ஷரத்தில் நடுவர்களின் தகுதியை எழுதும்போது பஸ்ஸில் கேட்ட கைதட்டல் ஞாபகம் வந்தது. ஆனால் கண் என்று மட்டும் எழுதினால் நாராயணப்பனைக் குறி வைத்தது பச்சையாகத் தெரியுமே என்று ஒரு கூச்சம். எனவே நாகரிகமாக, 'கண், காது, கை, கால் ஆகிய உறுப்புகளில் எவ்விதக் குறையுமற்றவர் என அரசு மருத்துவர் சான்றளித்தல் வேண்டும்' என்று எழுதினேன். 'கண், காது' என்று நிறுத்தியிருந்தால் வாக்கியம் மொட்டையாக இருந்தது. 'கை, கால்' சேர்ந்ததும் நன்றாக விழுந்தது. அந்த வாக்கியத்தை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கைப்பிரதியைப் புங்க மரத்தடியில் கொடுத்தேன். ஆறு கார்பன் பிரதிகள். ஜெபராஜ் அடித்தார், 'ழ'க்களை நிரப்பினார், கொடுத்தார்.

நல்ல டைப்பிஸ்டுக்குக் கண்ணிலிருந்து விரலுக்கு நேர்வழி உண்டு. நடுவில் புத்திக்குப் போய்த் திரும்பினால் வேகம் போய்விடும். கமிட்டியோ, ஜெபராஜ் அடித்ததில் பிழை இருக்காது என்று படிக்கவில்லை. அவர் ஒன்பதாவது ஷரத்தைக் கவனித்தாரா என்று நான் பின்னாளில் கேட்டேன். "கண்ணுன்னு பாத்தேன் சார். சந்தோசத்துல அதுக்கப்புறம் விரலுதான் போச்சு" என்றார்.

அங்கீகாரம் வந்தது. கூடவே, 1968 மே மாதம் கிருஷ்ணகிரியில் முதல் மாவட்டப் போட்டியை நடத்திக்கொள்ள அனுமதியும், நடுவர்களுக்குத் தரவேண்டிய அடையாள அட்டைகளும் வந்தன. நீல நிற அட்டை, நடுவில் பந்துப் படம். ஜெபராஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்னும் பெயர் எழுதாத அட்டை.

"இது இருந்தா சேலத்துக்குப் போனாலும் மெட்ராஸுக்குப் போனாலும் என் காலைப் பத்தி எவனும் கேக்க முடியாது, இல்லீங்களா?" என்றார்.

"கேட்க முடியாது" என்றேன்.

"பைனலு நான்தானே?"

"உங்களை விட்டால் யார்?"

அவ்வளவுதான் அவர் வாழ்க்கையில் கேட்டது. நான் அவ்வளவையும் கொடுத்தேன், வாயால்.

சான்றிதழ் வாங்க அவரோடு நானும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். படிவத்தையும் அவரேதான் அடித்திருந்தார். டாக்டர் இளைஞர், சிரித்த முகம். கண்ணைப் பார்த்தார். சுவரில் இருந்த கடைசி வரி எழுத்தை ஜெபராஜ் படித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார்.

"கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு" என்றார் டாக்டர். காதும் அப்படியே. மூன்றாவது வரிக்கு வந்து பேனா நின்றது.

"கை, கால்னு போட்டிருக்கே. இதை யாரு போட்டது?"

ஜெபராஜ் படிவத்தை எட்டிப் பார்த்தார். தான் அடித்ததை முதல் தடவையாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன்.

"நான்தானுங்க அடிச்சேன்" என்றார் டாக்டரிடம்.

டாக்டர் சங்கடப்பட்டார். "சும்மா 'நன்று'ன்னு எழுதிடறேன். பந்தயத்துக்குத்தானே. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"மைதானத்துல ரெண்டாயிரம் பேரு பாப்பாங்க சார்" என்றார் ஜெபராஜ். "பொய் சர்டிபிகேட் வச்சுக்கிட்டு நான் எப்படி இன்னொருத்தனை அவுட்டுங்கறது? உள்ளதை எழுதுங்க."

டாக்டர் உள்ளதை எழுதினார். 'இடது கால் இளம்பிள்ளை வாதத்தால் சூம்பியது.' நல்ல கையெழுத்து. டாக்டர்களில் அபூர்வம்.

அதே வாரத்தில் நாராயணப்பன் பெங்களூர் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்கிறது என்று அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. யாரைத் தடுக்க வேலி போட்டோமோ அவர் கதவு வழியாக வந்துவிட்டார். வேலியில் மாட்டியது நம் வீட்டு ஆள்.

ஷரத்தில் இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டால் போதும் என்று பொதுக்குழுவைக் கூட்டினேன். தலைவர் கிருஷ்ணப்பன், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாந்தோப்புக்காரர். உபகாரி. பந்தயத்தின் பந்தல் முதல் கோப்பை வரை அவர் செலவு. ஜெபராஜ் மீது பிரியம் உள்ளவர். சொல்லும்போதே கண் கலங்கியது.

"ஜெபராஜு நம்ம புள்ளை. அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா பாருங்க, கலெக்டர் வர்றாரு. மெட்ராஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்க. பி.டபிள்யூ.டி. ஆளுங்களை வச்சு மேடை கட்டியாச்சு. அங்க போயி ஒரு கட்டை வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா, மாவட்டத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மேடைக்குக் கைப்பிடியும் அகலப் படியும் வச்சா அவரே ஏறிடுவாரு" என்றேன்.

"ஏறுவாரு சார். ஏறும்போது பாக்கணுமே. எனக்கே தாங்காது. ஜனங்களுக்கு எப்படித் தாங்கும்?"

ஜனங்கள் பதினைந்து வருஷமாகத் தாங்கிக்கொண்டிருப்பதை யாரும் சொல்லவில்லை. இன்னொருவர், அங்கீகாரம் வந்த மையே காயவில்லை, அதற்குள் திருத்தம் அனுப்பினால் மெட்ராஸில் நம்மைச் சிரிப்பார்கள் என்றார். மூன்றாமவர், இன்றைக்கு 'கால்' என்பதை எடுத்தால் நாளைக்கு 'கண்' என்பதையும் எடுக்கச் சொல்வார்கள் என்றார். அவர் தாலுகாவுக்குக் கண் விஷயத்தில் இன்னும் கோபம் தீரவில்லை. யாரும் ஜெபராஜுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் அவருக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தில் தீர்மானம் தோற்றது.

உடனே இன்னொரு தீர்மானம் வந்தது. உடற்குறையையும் பொருட்படுத்தாமல் விளையாட்டுக்கு உழைத்த ஜெபராஜுக்கு இறுதிப் போட்டியன்று பொன்னாடை போர்த்துவது, பந்தலில் தனி நாற்காலி தருவது. அது ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவன் நான்.

செய்தியைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். ஜெபராஜ் விசில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜெபசீலிதான் கேட்டாள்.

"பொன்னாடையா? எதுக்குங்க சார்? அவரு விசில் ஊதணும்னுதானே கேட்டாரு? குளுருதுன்னு கேட்டாரா?"

"ஜெபசீலி" என்றார் அவர்.

"நீ சும்மா இருய்யா. இத்தனை வருசமா நொண்டின்னு கூப்பிட்டாங்க, நான் ஒரு வார்த்தை பேசினேனா? கூப்பிட்டாங்க, கூப்பிட்டுக்கிட்டே வண்டியும் அனுப்பினாங்க. இவங்க 'அவர்கள்'ங்கறாங்க, வீட்டுல உக்காருங்கறாங்க."

"பந்தலில் நாற்காலி" என்று நான் திருத்தினேன். சில சமயம் வாத்தியார் புத்தி வாயை முந்திக்கொள்கிறது.

அவள் எனக்குக் காபி கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜெபராஜ் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். சலவைச் சட்டை, பந்தலில் முதல் வரிசையில் தனி நாற்காலி. ஒலிபெருக்கியில் அவர் காலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்கள். அதுவரை ரெண்டாயிரம் பேரில் பாதிப் பேருக்கு அவர் கால் மறந்தே போயிருந்தது. கிருஷ்ணப்பன் பொன்னாடை போர்த்தினார். மே மாத வெயிலில் ஜெபராஜ் அதை இறுதிவரை எடுக்கவில்லை. விசில் சட்டைக்குள்ளேயே இருந்தது.

பைனல் ஜவளகிரிக்கும் தர்மபுரிக்கும். மேடையில் நாராயணப்பன், புதுக் கண்ணாடியோடு. ஏழு படியும் நிமிர்ந்து ஏறினார்.

ஐந்தாவது ஆட்டம் வரை போயிற்று. ஜவளகிரி பதினான்கு, தர்மபுரி பதின்மூன்று, சர்வீஸ் ஜவளகிரிக்கு. இன்னும் ஒரு பாயிண்ட். ஜவளகிரிக் கேப்டன் கோவிந்தப்பன் எகிறி அடித்தான். அவன் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் ஷிப்டு ஆள், கை இரும்பு. வலைக்கு மேலே எதிரணியின் மூன்று ஜோடிக் கைகள். பந்து அவற்றைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. விரலில் பட்டுப் போயிருந்தால் ஜவளகிரிக்குப் பாயிண்ட், கோப்பை. படாமல் போயிருந்தால் அவுட்; யாருக்கும் பாயிண்ட் இல்லை, சர்வீஸ் மட்டும் தர்மபுரிக்கு மாறும்.

நாராயணப்பன் அவுட் என்று விசில் ஊதினார்.

"டச்சு ஆயித்து சாமி!" என்று ஒரு பக்கம் கன்னடத்தில் கத்தியது. "லேது, லேது!" என்று தெலுங்கில் பதில். கூட்டம் கயிற்றைத் தாண்டிவிட்டது. எங்கிருந்தோ ஒரு குரல், "நொண்டி அம்பயரைக் கேளுங்கடா!" என்றது. அவ்வளவுதான். மைதானமே அதைச் சொல்லத் தொடங்கியது.

கோவிந்தப்பன் பந்தலுக்கு ஓடி வந்தான். மண் படிந்த கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீ பாத்தே. நீ பாக்காம இருந்திருக்க மாட்டே. டச்சா இல்லியா, ஒரு வார்த்தை சொல்லுண்ணே."

தர்மபுரிக் கேப்டனும் வந்தான். "அவரு சொல்லட்டும். நாங்க ஒத்துக்கறோம்" என்றான்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. நாராயணப்பன் மேடையை விட்டு இறங்கி வந்தார். நான் சொன்னேனே, நாணயமான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஜெபராஜு, எனக்குச் சரியாத் தெரியலை. நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

கலெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரை நிமிஷம் முழு மாவட்டத்துக்கும் அம்பயர் அவர்தான், அட்டை இல்லாமல், மேடை இல்லாமல். வாயைத் திறந்தால் போதும். அவர் பொன்னாடையைத் தோளில் சரி செய்துகொண்டார்.

"விசில் ஊதியாச்சுங்களே" என்றார். "அம்பயர் குடுத்தது குடுத்ததுதான். கோட்டுக்கு வெளியே நாற்காலியில உக்காந்திருக்கறவனுக்குப் பேச்சு இல்லை. பதினொண்ணாவது ஷரத்து."

"அண்ணே..."

"போய் ஆடுப்பா."

கோவிந்தப்பன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான். "காலுதான் நொண்டின்னு நெனச்சேன்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் முதல் வரிசை முழுவதும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த மூன்று பாயிண்ட்டும் தர்மபுரிக்குப் போனது. பதினாறு, பதினான்கு. கிருஷ்ணப்பன் கோப்பையைக் கொடுத்தார். சட்டத்தை மதித்த ஜெபராஜைப் பற்றி மெட்ராஸ்காரர் ஒருவர் இரண்டு வார்த்தை பேசினார்.

ஓசூர் பஸ்ஸில் நானும் அவரும் ஒரே சீட். சூளகிரி தாண்டியது. பிறகு அவரே சொன்னார்.

"டச்சுதான் சார். நடுவுல நின்னவன், வலது கை, சுண்டு விரலு. பந்து லேசாத் திரும்பிச்சு."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா ஜவளகிரி ஜெயிச்சிருக்கும். அப்புறம் எல்லாப் பந்தயத்துலயும் ஒரு பொன்னாடை போட்டு என்னை உக்கார வச்சு, தகராறு வந்தா மட்டும் கேப்பாங்க. இல்லாட்டி வேணாம்பாங்க. நான் அம்பயருங்களா, குறி சொல்ற கோடாங்கியா?" ஜன்னல் பக்கம் திரும்பி, "நாராயணப்பனுக்குக் கண்ணு தெரியலேன்னு நாந்தான் மொதல்ல சொன்னேன். பாருங்க, மனுசன் எறங்கி வந்து கேட்டாரு" என்றார்.

அதன் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்குப் போனார். விசிலை ஜெபசீலி துணிப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

அடுத்த பொங்கலுக்கு ஜவளகிரியில் ஊர்ப் பந்தயம். முதல் நாள் காலையில் ஜெபராஜ் வீட்டு வாசலில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. முட்டுக்கட்டை வண்டிக்குள்ளேயே கிடந்தது. ஓட்டி வந்தவன் கோவிந்தப்பன். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இறங்காமல் கொஞ்ச நேரம் மாட்டின் வாலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னிக்கு ஏதோ வாய்ல வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதே. கெளம்பு. அந்த ரூலெல்லாம் எங்க ஊரு எல்லைக்கு உள்ளார வராது."

"வரும்பா" என்றார் ஜெபராஜ். "பதினாலாவது ஷரத்து. அங்கீகாரம் இல்லாத நடுவரை வச்சு ஆட்டம் நடத்துற சங்கத்தை நீக்கிடலாம். நான் வந்து விசில் ஊதினா, வர்ற மே மாசம் உன் டீமு கிருஷ்ணகிரிக்குப் போக முடியாது."

"போவலேன்னா போவுது."

"நீ சொல்லுவே. மத்த அஞ்சு பேரு?"

ஜெபசீலி மாடுகளுக்குத் தண்ணி காட்டினாள். வண்டி வந்த வழியே திரும்பியது.

நான் அந்தப் பந்தயத்துக்குச் செயலாளர் என்ற முறையில் போயிருந்தேன். அங்கே மர மேடை ஏது? வழக்கம் போல வண்டியைத்தான் நிறுத்தினார்கள். கழகம் அனுப்பிய நடுவர் இளைஞர், நீல அட்டை, குறையற்ற கால் இரண்டு. வண்டியில் தாவி ஏறினார். நடுவர் நின்றபடி ஆட்டத்தை நடத்த வேண்டும் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. முதல் ஆட்டம் முடிவதற்குள் வெயிலில் கால் கடுக்கிறது என்று ஒரு ஸ்டூல் கேட்டார். ஏற்றிக் கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டார். யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. கோவிந்தப்பன் மட்டும் சர்வீஸ் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பொங்கலன்றுதான் மாநிலத்தின் பெயர் மாறியது. மெட்ராஸ் போய்த் தமிழ்நாடு வந்தது. பதிவான எல்லாக் கழகங்களும் தங்கள் சட்டதிட்டத்தைப் புதுப் பெயரில் மறுபடி அடித்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அடிப்பதற்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? பழைய பிரதியை எடுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு யோசனை. பெயர் மாற்றம் என்பதால் உள்ளே யாரும் படிக்கப் போவதில்லை. மெட்ராஸில் படிக்க மாட்டார்கள், கமிட்டியில் என்றுமே படித்ததில்லை. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பிரதியில் ஒன்பதாவது ஷரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்தேன். சொல்வதற்குத் தைரியம் இல்லாதவனுக்குப் பென்சில் நல்ல துணை.

மறுநாள் சாயங்காலம் போனபோது ஏழு பிரதிகளையும் அடித்து முடித்து, பேனாவோடு உட்கார்ந்திருந்தார். புதுப் பெயரில் 'ழ' இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ்நாடு, கழகம். ஒவ்வொன்றையும் கையால் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே மூன்றாம் பக்கத்தை எடுத்தேன்.

கண், காது, கை, கால். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பழைய பிரதியில் நான் வைத்த புள்ளியை ரப்பரால் அழித்திருந்தார்.

"ஜெபராஜ், இதை விட்டிருக்கலாமே. ஒருத்தரும் படித்திருக்க மாட்டார்கள்."

"தெரியுமுங்க."

"அப்புறம்?"

"நான் விட்டா அது டைப்பிஸ்ட் பண்ண தப்பு சார். கமிட்டி விட்டாத்தான் திருத்தம்." அடுத்த தாளை எடுத்தார். "இன்னும் நாலு பக்கம் இருக்குது. உக்காருங்க."

உட்கார அங்கே ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது, அதில் அவர் இருந்தார். நின்றேன். கடைசி 'ழ'வையும் நிரப்பி, மை காய ஊதி, தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்து கொடுத்தார். கமிட்டி அதை ஞாயிற்றுக்கிழமை படிக்காமல் ஏற்றது. செயலாளர் என்று போட்டிருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.